ஹிங்க்லியின் குரோமியம் எங்கே போனது?

ஹிங்க்லி வழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 1996இல் நிறுத்திக்கொள்கிறார்கள். கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஒரு சின்ன ஊர், எரிவாயுக் குழாய் நடத்தும் ஒரு பெரிய நிறுவனம், கிணற்றுத் தண்ணீரில் குரோமியம், விடாப்பிடியாகக் கோப்புகளைத் தோண்டிய ஒரு வழக்கறிஞர் அலுவலக ஊழியர், கடைசியில் 33.3 கோடி டாலர் இழப்பீடு. சினிமாவாகவும் வந்துவிட்டது. கதையாகப் பார்த்தால் அங்கே முடிப்பதுதான் சரி. ஆனால் குரோமியத்துக்குத் தீர்ப்புத் தேதி தெரியாதே! பணம் கைமாறிய பிறகும் அது மண்ணுக்குள் இருந்தது, தண்ணீரோடு நகர்ந்துகொண்டும் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இந்த வழக்கில் சுவாரசியமான பகுதி. இரண்டு கேள்விகள் எழுந்தன. கிணற்றில் இருக்கும் குரோமியத்தில் நிறுவனம் ஊற்றியது எவ்வளவு, மண் தானாகவே கொடுத்தது எவ்வளவு? அடுத்தது, சுத்திகரித்தாயிற்று என்று அறிக்கையில் எழுதப்படும் குரோமியம் உண்மையில் இப்போது எங்கே இருக்கிறது? இரண்டுக்குமான பதில் மணல் துகள்கள்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பூச்சுகளில் இருக்கிறது. செம்பழுப்பாக இருப்பது இரும்பு ஆக்சைடு, கறுப்பாக இருப்பது மாங்கனீஸ் ஆக்சைடு. யாரும் கொண்டுவந்து போட்டவை இல்லை, பாறை சிதைந்து மண்ணாகும்போது தானாகப் படிந்த கனிமங்கள். வழக்கில் இவற்றை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை என்றாலும் நிறைய விஷயத்தை முடிவு செய்தவை இவைதான்.

நடந்தது, சுருக்கமாக

பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் நிறுவனத்தின் கம்ப்ரஸர் நிலையம் ஹிங்க்லியில் 1952இல் வந்தது. நீண்ட தூரம் வரும் எரிவாயு வழியிலேயே அழுத்தம் இழந்துவிடும், இடையிடையே அழுத்தித் தள்ளவேண்டும், அழுத்தினால் சூடாகும், சூட்டைத் தணிக்கக் குளிர்விப்புக் கோபுரம், கோபுரத்து இரும்பு துருப்பிடிக்காமலிருக்கத் தண்ணீரில் குரோமேட் என்ற குரோமியம் உப்பு. அந்தக் காலத்தில் உலகம் முழுக்க இது சாதாரண நடைமுறை. கழிவுநீரை அடியில் எந்தத் தடுப்பும் இல்லாத குட்டைகளில் விட்டார்கள், அது மணல் வழியே இறங்கி நிலத்தடி நீரில் கலந்தது. 1960களின் நடுப்பகுதி வரை இப்படி விட்டது 37 கோடி கேலன், அதாவது ஏறத்தாழ 140 கோடி லிட்டர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 1987 டிசம்பரில்தான் நிறுவனம் வட்டாரத் தண்ணீர் வாரியத்துக்குத் தகவல் சொன்னது. கண்காணிப்புக் கிணறு ஒன்றில் லிட்டருக்கு 580 மைக்ரோகிராம் வரை இருந்தது. மாநிலத்தின் அன்றைய குடிநீர் வரம்பு 50.

வழக்கு, சமரசம், அப்புறம் மாசு முன்பு நினைத்ததைவிட அகலமாகப் பரவியிருப்பது தெரியவந்தது, நிறுவனம் வீடுகளை வாங்கத் தொடங்கியது, ஆட்கள் குறைந்து 2013இல் ஊர்ப் பள்ளியும் மூடப்பட்டது. மனிதர்கள் பக்கத்தில் இதற்குமேல் நான் விரிக்கப்போவதில்லை. அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஒரே உலோகம், இரண்டு குணம்

குரோமியம் இயற்கையில் முக்கியமாக இரண்டு நிலைகளில் இருக்கும். மூன்று எலக்ட்ரான் இழந்தது குரோமியம்-3, ஆறு இழந்தது குரோமியம்-6. குரோமியம்-3 சோம்பேறி. அமிலத்தன்மை இல்லாத தண்ணீரில் கரையாது, ஹைட்ராக்சைடாகிப் படிந்துவிடும், நச்சும் ஒப்பீட்டில் மிகக் குறைவு. குரோமியம்-6 குரோமேட்டாக, எதிர்மின்சுமை உள்ள அயனியாகத் தண்ணீரில் உப்பு மாதிரி கரைந்து தண்ணீர் போகும் இடமெல்லாம் போகும். மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய் வருவது உறுதியாகத் தெரிந்த விஷயம். குடிநீரில் கொடுத்தபோது எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் வாயிலும் சிறுகுடலிலும் கட்டிகள் வந்ததை அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் 2008இல் வெளியிட்டது.

ஆகவே மண்ணில் மொத்தம் எத்தனை கிலோ குரோமியம் இருக்கிறது என்பதைவிட அது எந்த நிலையில் இருக்கிறது, அந்த நிலையை யார் மாற்றுகிறார்கள் என்பதுதான் கேள்வி. மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் கனிமங்களும் நுண்ணுயிர்களும்.

செம்பழுப்புப் பூச்சு

முதலில் இரும்பு. கோதைட், ஹெமடைட், ஃபெர்ரிஹைட்ரைட் என்று பெயர் பல இருந்தாலும் அடிப்படையில் எல்லாம் துருவின் சொந்தக்காரர்கள். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது, துருவைத் தடுக்கவென்று போட்ட குரோமேட் மண்ணுக்குள் இறங்கியதும் அதைப் பிடித்து நிறுத்தக்கூடிய முக்கியமான ஆள் துருவாகத்தான் இருந்தது. சரி, பிடித்ததா?

இரும்பு ஆக்சைடின் பரப்பில் மின்சுமை இருக்கும், அது தண்ணீரின் பிஹெச் அளவைப் பொறுத்து மாறும். அமிலத் தண்ணீரில் நேர்மின்சுமை, காரத் தண்ணீரில் எதிர்மின்சுமை. இடையில் சுமையே இல்லாத ஒரு புள்ளி வரும், கோதைட்டுக்கு அது தோராயமாக 7.5இலிருந்து 9க்குள். குரோமேட் எதிர்மின்சுமை உள்ளது என்பதால் பிஹெச் 5, 6 என்றிருக்கும் மண்ணில் அது இரும்பு ஆக்சைடோடு நன்றாக ஒட்டிக்கொள்ளும். பிஹெச் 8ஐ நெருங்கினால் பிடி தளர்ந்துவிடும். அதோடு சல்ஃபேட், பைகார்பனேட், பாஸ்பேட் எல்லாம் அதே இடத்துக்குப் போட்டி போடும். பாலைவன நிலத்தடி நீர் பெரும்பாலும் லேசான காரத்தன்மை உள்ளது, உப்பும் அதிகம். ஹிங்க்லி மணலில் செம்பழுப்புப் பூச்சு இருந்தும் குரோமேட் பெருமளவு தப்பித்துப் போனதற்கு இதுதான் காரணம். மழை அதிகமான, அமிலத்தன்மை கொண்ட செம்மண் பகுதியில் இதே கழிவைக் கொட்டியிருந்தால் மாசு இவ்வளவு தூரம் இவ்வளவு சுலபமாக ஓடியிருக்காது. நல்லது என்று சொல்ல வரவில்லை, அங்கே அது குட்டைக்கு அடியிலேயே தேங்கி வேறு விதமான தலைவலியாக இருந்திருக்கும்.

ஒட்டிக்கொள்வது ஒன்று, மாற்றுவது வேறொன்று. மேற்சொன்ன ஆக்சைடுகளில் இருக்கும் இரும்பு ஏற்கெனவே முழுக்கத் துருப்பிடித்த இரும்பு, கொடுப்பதற்கு அதனிடம் எலக்ட்ரான் இல்லை. மேக்னடைட் அப்படி இல்லை. கிரானைட் பாறையிலிருந்து வந்த மணலில் காந்தத்தை வைத்து இழுத்தால் கறுப்பாக ஒட்டுமே, அதுதான். அதன் அமைப்பில் இரும்பு-2, அதாவது இன்னும் ஓர் எலக்ட்ரான் கொடுக்கக்கூடிய, அரைகுறையாகத் துருப்பிடித்த இரும்பும் இருக்கிறது. மூன்று இரும்பு-2 தலைக்கு ஓர் எலக்ட்ரான் கொடுத்தால் ஒரு குரோமியம்-6 குரோமியம்-3ஆகி அங்கேயே படிந்துவிடும். ஆய்வகத்தில் இது அழகாக நடக்கும். வெளியே நடக்கும்போது கொஞ்ச நேரத்தில் மேக்னடைட் துகளின் வெளித்தோல் மேகமைட்டாக, அதாவது முழுக்கத் துருப்பிடித்த இரும்பு ஆக்சைடாக மாறி, மேலே குரோமியம்-இரும்பு ஹைட்ராக்சைடும் படிந்து, உள்ளே இருக்கும் இரும்பு-2 வெளியே வரமுடியாமல் அடைபட்டுவிடும். வருடக்கணக்காகக் காற்றோட்டமான தண்ணீரில் கிடந்த மணலில் அந்தத் தோல் ஏற்கெனவே உருவாகித்தான் இருக்கும். புதிதாக அரைத்த சுத்தமான மேக்னடைட் தூளை வைத்து எடுத்த வேகக் கணக்கைக் கள மணலுக்கு அப்படியே பொருத்தும் கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

டைட்டானியம் ஆக்சைடு வெளிச்சத்தில் குரோமியம்-6ஐ ஒடுக்கும், அதாவது எலக்ட்ரான் கொடுத்து மூன்றாக்கும் என்று நிறைய ஆய்வுகள் உண்டு, உண்மைதான், ஆனால் நிலத்தடியில் இருட்டு. அதை இதோடு விட்டுவிடலாம்.

கறுப்புப் பூச்சு

மாங்கனீஸ் ஆக்சைடு எதிர்த்திசையில் வேலை செய்யும் ஆள். சோம்பேறியாகக் கிடக்கும் குரோமியம்-3ஐ எழுப்பி குரோமியம்-6ஆக்கி அனுப்பிவிடும். காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் கணக்குப்படி அதைச் செய்யமுடியும், ஆனால் சாதாரண மண் நிலைமையில் அதன் வேகம் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு மெதுவானது. மண்ணில் இந்த வேலையை உருப்படியாகச் செய்வது மாங்கனீஸ் ஆக்சைடு மட்டும்தான் என்று சொன்னால் பெரிய தவறில்லை. இரண்டு குரோமியம் சேர்ந்து ஆறு எலக்ட்ரான் இழக்கவேண்டும், மூன்று மாங்கனீஸ் தலைக்கு இரண்டு என்று வாங்கிக்கொள்ளும். வாங்கிய மாங்கனீஸ் கரைந்து தண்ணீரில் போய்விடும்.

இது தெரியவந்த விதம் எனக்குப் பிடித்தமானது. மண்ணில் குரோமியம்-3 ஆக்சிஜனேற்றம் அடையாது, அதாவது எலக்ட்ரான் இழந்து ஆறாகாது, எனவே தோல் தொழிற்சாலைச் சேற்றை வயலில் போட்டாலும் பயமில்லை என்ற எண்ணம் ஒரு காலத்தில் வலுவாக இருந்தது. 1979இல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்ட்லெட்டும் ஜேம்ஸும் வயலிலிருந்து எடுத்த ஈர மண்ணை அப்படியே வைத்துச் சோதித்தார்கள், குரோமியம்-6 உருவானது. முன்பு யாருக்கும் ஏன் தெரியவில்லை? மண் ஆய்வகங்களில் மாதிரியை உலர்த்தி, சலித்து, டப்பாவில் போட்டு வைத்துவிட்டு அப்புறம்தான் சோதிப்பது வழக்கம். உலர்த்தினால் மாங்கனீஸ் ஆக்சைடின் பரப்பு மாறிப்போய் அந்த வேலையைச் செய்யும் திறன் மங்கிவிடுகிறது. உலர்த்தும் வழக்கமே விடையை மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

மாங்கனீஸ் ஆக்சைடுகளில் இந்த விஷயத்தில் கில்லாடி பிர்னெசைட். காகிதத் தாள்களை அடுக்கினாற்போன்ற அமைப்பு, ஒழுங்கில்லாத மிகச் சிறிய துகள்கள், அதனால் எடைக்குப் பரப்பு மிக அதிகம். இதன் சுமையில்லாப் புள்ளி பிஹெச் 2, 3 அளவிலேயே வந்துவிடுகிறது, ஆகவே சாதாரணத் தண்ணீரில் இதன் பரப்பு எப்போதும் எதிர்மின்சுமையோடுதான் இருக்கும். நேர்மின்சுமை உள்ள குரோமியம்-3 கரைந்த நிலையில் பக்கத்தில் வந்தால் இழுத்துக்கொள்ளும், எலக்ட்ரானைப் பிடுங்கும், எதிர்மின்சுமைக்காரனாக மாறிய குரோமேட்டைத் தானே தள்ளிவிடும். இதைவிட வசதியான உற்பத்திச் சாலையை யோசித்துச் செய்தாலும் முடியாது. மண்ணில் இருக்கும் பிர்னெசைட்டில் பெரும்பகுதியைச் செய்பவை பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும், கரைந்த மாங்கனீசை ஆக்சிஜனோடு சேர்த்து அவை ஆக்சைடாக்கும் வேகம் உயிரில்லாமல் நடப்பதைவிட எத்தனையோ மடங்கு. புதிதாகச் செய்தது பழையதைவிட வீரியமாகவும் இருக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ஊற்றியது எவ்வளவு, ஊறியது எவ்வளவு

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். ஹிங்க்லியில் எந்தக் கிணறு வரை மாசு என்று எல்லை போடவேண்டும், எல்லைக்கு ஓர் எண் வேண்டும், அந்த எண் இயற்கையாக அங்கே இருக்கும் அளவாக இருக்கவேண்டும். நிறுவனம் 2007இல் ஓர் ஆய்வு நடத்தி, இயற்கை அளவு அதிகபட்சம் லிட்டருக்கு 3.1 மைக்ரோகிராம் என்று கொடுத்தது, தண்ணீர் வாரியமும் அதை இடைக்கால எண்ணாக ஏற்றுக்கொண்டது. 3.1க்கு உள்ளே இருக்கும் வீட்டுக்கு நிறுவனம் தரும் மாற்றுக் குடிநீர் கிடைக்காது, தாண்டினால் கிடைக்கும் என்ற அளவுக்கு அந்த எண் வாழ்க்கையைத் தீர்மானித்தது. பிறகு வெளி அறிவியலாளர்கள் பரிசீலித்தபோது கிணறுகளைத் தேர்ந்தெடுத்த முறையிலேயே குறைகள் இருப்பது வெளியே வந்தது. பல ஆழங்களிலிருந்து தண்ணீர் கலந்து வரும் கிணறுகளை வைத்துக்கொண்டு இயற்கை அளவைச் சொல்வது கஷ்டம்தான்.

ஊர்க்காரர்களுக்கு இயற்கை அளவு என்ற பேச்சே நிறுவனம் தப்பிக்கச் செய்யும் தந்திரமாகத் தெரிந்தது. நியாயமான சந்தேகம், இத்தனை வருடம் ஏமாந்தவர்கள் வேறெப்படி நினைப்பார்கள்? ஆனால் கனிமங்கள் பக்கம் நின்று பார்த்தால் இயற்கைக் குரோமியம்-6 பொய்யில்லை. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் ஜான் இஸ்பிக்கியும் குழுவினரும் மேற்கு மொஹாவி முழுக்கக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இரும்பும் மக்னீசியமும் மிகுந்த கரும்பாறைகள் சிதைந்து உருவான படிவுகளில் இயற்கையாகவே 50 மைக்ரோகிராமுக்குமேல் போன இடங்கள் இருந்தன. குரோமியம் குறைவான கிரானைட் மணலிலும் 27 வரை இருந்தது. பிஹெச் 7.5க்குக் கீழே இருந்த தண்ணீரில், பாறை எதுவாக இருந்தாலும், 5ஐத் தாண்டவில்லை.

அந்த 7.5தான் கதையின் இரண்டு பாதிகளையும் ஒட்டவைக்கிறது. மாங்கனீஸ் ஆக்சைடு எல்லா இடத்திலும் மெதுவாகக் குரோமியம்-6 தயாரித்துக்கொண்டிருக்கிறது. பிஹெச் குறைவான இடத்தில் பக்கத்தில் இருக்கும் இரும்பு ஆக்சைடு அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, தண்ணீரில் தெரிவதில்லை. பிஹெச் ஏறினால் இரும்பு கையை விடுகிறது, தயாரித்தது அவ்வளவும் தண்ணீரில் தெரிகிறது. பாலைவனத் தண்ணீர் ஆயிரக்கணக்கான வருடம் மணலோடு உறவாடிக் கிடப்பது, கரிமப்பொருள் ஏறக்குறைய இல்லாததால் ஆக்சிஜன் தீராமல் இருப்பது, இரண்டும் சேர்ந்துகொள்கின்றன.

எவ்வளவு கொஞ்சம் மாறினால் போதும் என்பதற்கு ஒரு மனக்கணக்கு போட்டுப் பார்த்தேன். மணலில் 30 சதவீதம் இடைவெளி என்றால் ஒரு லிட்டர் தண்ணீரைச் சுற்றி ஏறத்தாழ 6 கிலோ மணல் இருக்கும். கிலோவுக்கு வெறும் 20 மில்லிகிராம் குரோமியம் உள்ள ஏழை மணல் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 120 மில்லிகிராம் சொச்சம். அந்த லிட்டரில் 3 மைக்ரோகிராம் குரோமியம்-6 வருவதற்கு அதில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்கு மாறினால் போதும். தேவையான மாங்கனீஸ் அதைவிட ஒன்றரை மடங்கு எடை, அதாவது 5 மைக்ரோகிராம். சாதாரண மணலில் மாங்கனீஸ் கிலோவுக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் கிடக்கும்போது அது ஒரு பொருட்டே இல்லை. மூலப்பொருளான குரோமியம் பெரும்பாலும் குரோமைட் போன்ற, ஏறத்தாழ எதற்கும் அசையாத கனிமங்களில் பூட்டப்பட்டிருப்பதால்தான் இந்த அளவிலாவது நிற்கிறது. குரோமைட்டும் ஓர் ஆக்சைடுதான், மாங்கனீஸ் ஆக்சைடு திறக்கப் பார்க்கும் பூட்டு.

ஹிங்க்லிக்குள் என்ன நிலைமை என்பதற்கு இஸ்பிக்கி தலைமையில் பல வருடம் நடந்த தனி ஆய்வு 2023இல் வெளியானது. ஒரே எண்ணை வைத்து எல்லை போடும் வேலையை அவர்கள் செய்யவில்லை. இந்தக் கிணற்று மணல் மொஹாவி ஆறு கொண்டுவந்த குரோமியம் குறைந்த மணலா, பக்கத்து மலைப்பாறையிலிருந்து வந்ததா, மாங்கனீசோடு என்ன உறவு, இந்தத் தண்ணீர் 1952க்கு முன்பு மண்ணுக்குள் இறங்கியதா பின்பா, பிஹெச்சுக்குப் பொருத்தமான அளவில்தான் குரோமியம்-6 இருக்கிறதா என்றெல்லாம் கிணறு கிணறாகக் கேள்வி கேட்டு மதிப்பெண் போட்டார்கள். குரோமியத்தின் ஐசோடோப்புகளையும், அதாவது எடை மட்டும் வேறான குரோமியம் அணுக்களையும் பார்த்தார்கள். ஒடுக்கம் நடக்கும்போது எடை குறைந்த குரோமியம்-52 முந்திக்கொண்டு படிந்துவிடும், தண்ணீரில் மிஞ்சுவதில் குரோமியம்-53இன் விகிதம் ஏறும். ஆனால் இயற்கையான தண்ணீரிலும் அந்த ஏற்றம் உண்டு என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லமுடியாது.

முடிவு இரண்டு தரப்புக்கும் முழு மகிழ்ச்சி தரவில்லை. மாசு பரவிய பரப்பு 5.5 சதுர மைல். 2015 கடைசியில் ஒழுங்குமுறைக் கணக்கில் இருந்த 2.2 சதுர மைலைவிட இது மிகப் பெரியது. ஆனால் எப்போதாவது 3.1ஐத் தாண்டிய இடங்களையெல்லாம் சேர்த்துப் போட்ட 8.3 சதுர மைலைவிடச் சின்னது. அதாவது நிறுவனத்தின் குரோமியம் வரைபடத்தில் காட்டியதைவிட அதிக தூரம் போயிருந்தது, ஆனால் 3.1ஐத் தாண்டிய எல்லாக் கிணறும் நிறுவனத்தின் கைவேலை இல்லை. இந்த மாதிரி அரைகுறையாக யாருக்கும் பிடிக்காத முடிவு வரும்போது அதை நம்பத் தோன்றுகிறது எனக்கு.

மாநிலத்தின் குடிநீர் வரம்பும் இதே காலத்தில் ஊஞ்சலாடியது. குரோமியம்-6க்கென்று தனியாக 10 மைக்ரோகிராம் என்று 2014இல் வைத்தார்கள், செலவுக் கணக்கைச் சரியாகப் பரிசீலிக்கவில்லை என்று 2017இல் நீதிமன்றம் ரத்து செய்தது, 2024இல் அதே 10 திரும்ப வந்தது. இயற்கையே 27 கொடுக்கும் இடத்தில் 10 என்று வரம்பு வைத்தால் அங்கே தண்ணீர் வாரியம் யார்மேல் வழக்குப் போடும்?

எத்தனாலும் குதிரை மசாலும்

இரண்டாவது கேள்வி, சுத்தம் செய்ததாகச் சொல்லும் குரோமியம் எங்கே. ஹிங்க்லியில் முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, மாசு நீரை இறைத்துக் குதிரை மசால் (அல்ஃபால்ஃபா என்ற தீவனப் பயிர்) வயல்களுக்குச் சொட்டுநீராகப் பாய்ச்சுவது. வேர்மண்ணில் இருக்கும் கரிமப்பொருளும் நுண்ணுயிரும் குரோமியம்-6ஐ மூன்றாக்கி மண்ணிலேயே நிறுத்திவிடும், பயிர் தண்ணீரைக் குடித்துவிடும். எளிமையான, மலிவான யோசனை. நான் முதலில் படித்தபோது விளையாட்டாக இருக்கிறதே என்று நினைத்தேன், ஆனால் நன்றாகவே வேலை செய்கிறது.

இன்னொன்று, மாசு அதிகமுள்ள மையப் பகுதியில் நேராக நிலத்தடிக்கு எத்தனாலைச் செலுத்துவது. குடிப்பவர்கள் பாக்டீரியாக்கள். அவை அதைத் தின்று மூச்சுவிட முதலில் ஆக்சிஜனைத் தீர்க்கும், அப்புறம் நைட்ரேட், அப்புறம் மாங்கனீஸ் ஆக்சைடு, அதற்கும் பிறகு இரும்பு ஆக்சைடு. இந்த வரிசையில் போகும்போது குரோமியம்-6 நிற்க இடமில்லாமல் மூன்றாகிவிடும். இரும்பு ஆக்சைடு கரைந்து வெளிவரும் இரும்பு-2 குரோமேட்டைக் கண்ட நிமிடத்தில் ஒடுக்கிவிடும், இரண்டும் சேர்ந்து கலப்பு ஹைட்ராக்சைடாகப் படியும். தண்ணீர் மாதிரியில் டைஃபினைல் கார்பசைடு போட்டால் குரோமியம்-6 இருந்தால் ஊதா கலந்த சிவப்பு வரும். எத்தனால் பகுதிக்குக் கீழ்வரிசைக் கிணறுகளில், அதாவது நிலத்தடி நீர் நகரும் திசையில் அடுத்து வரும் கிணறுகளில், அந்த நிறம் வராமல் போயிற்று.

விலை என்ன? அந்தச் செம்பழுப்புப் பூச்சில் குரோமியத்துக்கு முன்பே காலங்காலமாக ஆர்செனிக் ஒட்டியிருந்தது. பூச்சைக் கரைத்தால் அதுவும் வெளியே வரும். கறுப்புப் பூச்சைக் கரைத்தால் மாங்கனீஸ் வரும். இரண்டும் வந்தன, கண்காணிப்புப் பட்டியலில் இரும்போடு சேர்ந்து இடம்பிடித்தன, குரோமியத்துக்கு மருந்து கொடுக்கப்போய் ஆர்செனிக் வந்துவிட்டதா என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். வேதியியல் சொல்லும் ஆறுதல் என்னவென்றால், அந்தத் தண்ணீர் எத்தனால் தீர்ந்து ஆக்சிஜன் உள்ள மணலுக்கு நகர்ந்ததும் கரைந்த இரும்பு மறுபடி துருவாகிப் படியும், படியும்போது ஆர்செனிக்கையும் இழுத்துக்கொள்ளும். ஆனால் அதற்குக் கொஞ்ச தூரம் வேண்டும், அந்தத் தூரத்துக்குள் யாருடைய கிணறும் இருக்கக்கூடாது.

மாங்கனீஸ் அவ்வளவு சீக்கிரம் படியாது, இன்னும் தள்ளிப் போகும். பாக்டீரியா அதைப் பிடித்து ஆக்சைடாக்கும்வரை கரைந்தே பயணிக்கும். எங்கே ஆக்சைடாகிறதோ அங்கே புத்தம்புதிய பிர்னெசைட் போன்ற கறுப்புப் பூச்சு உருவாகும். வீரியம் அதிகமானது என்று சொன்னேனே, அதே சரக்கு. இப்போது நிலத்தடியில் வரிசையைப் பாருங்கள், மேல்வரிசையில் புதிதாகப் படிந்த குரோமியம்-3, கீழ்வரிசையில் புதிதாகப் படிந்த மாங்கனீஸ் ஆக்சைடு. எத்தனால் நிறுத்தப்பட்டு ஆக்சிஜன் உள்ள தண்ணீர் பழையபடி உள்ளே வந்தால் குரோமியம் படிந்த இடத்திலேயே மிச்சமிருக்கும் மாங்கனீசும் ஆக்சைடாகலாம்.

அப்படியென்றால் எல்லாம் திரும்பிவிடுமா என்றால், இல்லை, பெரும்பகுதி திரும்பாது. குரோமியம்-3 தனியாகப் படியாமல் இரும்போடு கலந்து படிந்திருக்கிறது, அந்தக் கலப்பின் கரைதிறன் தனிக் குரோமியம் ஹைட்ராக்சைடைவிட மிகக் குறைவு, இரும்பின் பங்கு ஏற ஏற இன்னும் குறையும். மாங்கனீஸ் ஆக்சைடு எலக்ட்ரானைப் பிடுங்க வேண்டுமென்றால் குரோமியம் கொஞ்சமாவது கரைந்து அதன் பரப்புக்குப் போகவேண்டும். இரண்டு திடப்பொருள்கள் ஒரு மணல்துகள் இடைவெளி விட்டு உட்கார்ந்துகொண்டு ஒன்றையொன்று ஒன்றும் செய்யமுடியாது. போதாததற்கு மாங்கனீஸ் ஆக்சைடின் பரப்பிலேயே குரோமியம் ஹைட்ராக்சைடு படிந்து அதை மூடிவிடும் வழக்கமும் உண்டு, மேக்னடைட்டுக்கு நேர்ந்த அதே கதி. ஆக, வாய்க்காலாகத் திறந்து ஓடாது, சொட்டுச் சொட்டாகக் கசியலாம். கசிவு இயற்கை அளவுக்குள் நிற்குமா என்பது அந்த இடத்து இரும்பு, மாங்கனீஸ், பிஹெச் மூன்றின் கணக்கு.

இதே நிறுவனத்தின் இன்னொரு கம்ப்ரஸர் நிலையம், கொலராடோ ஆற்றங்கரையில் இருக்கும் டோபாக், இங்கே நல்ல ஒப்பீடு. அதே குளிர்விப்புக் கோபுரம், அதே குரோமேட், அதே மாதிரி நிலத்தடியில் கலந்தது. ஆனால் ஆற்றை ஒட்டிய படிவுகளில் மட்கிய கரிமப்பொருள் நிறைய, அங்கே இயற்கையாகவே ஆக்சிஜன் இல்லாத ஒரு விளிம்பு இருக்கிறது, அதில் நுழையும் குரோமியம்-6 ஒடுங்கிவிடுகிறது. யாரும் எத்தனால் ஊற்றாமலேயே ஆறு தன்னைத் தானே ஓரளவு காத்துக்கொள்கிறது. ஹிங்க்லிக்கு அந்த விளிம்பு இல்லை, அதைச் செயற்கையாகச் செய்துதான் பராமரிக்க வேண்டியிருக்கிறது.

ஹிங்க்லி மாதிரி இடத்து அறிக்கை கையில் கிடைத்தால் நான் முதலில் புரட்டுவது கீழ்வரிசைக் கிணறுகளின் அட்டவணையில் மாங்கனீஸ் பத்தியை. குரோமியம்-6 பத்தி பெரும்பாலும் நல்ல செய்தியாகத்தான் இருக்கும், அதைக் காட்டத்தானே அறிக்கை. கரைந்த மாங்கனீஸ் படிப்படியாகக் குறைந்துவருவதையும் முன்னேற்றம் என்று அதே பக்கத்தில் எழுதியிருப்பார்கள். குடிப்பவருக்கு அது நல்லதுதான். ஆனால் தண்ணீரிலிருந்து காணாமல் போன மாங்கனீஸ் எங்கோ ஒரு மணல்துகள்மேல் கறுப்பாகப் படிந்துகொண்டிருக்கிறது. எந்தக் கிணற்றுக்கும் எந்தக் கிணற்றுக்கும் நடுவில் என்பதை அந்தப் பத்தியைக் கீழ்நோக்கிப் படித்தால் கண்டுபிடித்துவிடலாம், அங்கே ஒரு மண் மாதிரி எடுத்து, உலர்த்தாமல், ஈரமாகவே சோதித்துப் பார்க்கலாம்.